கைதட்டும் பத்தியம்

பல்லடத்துக்குத் தெற்கே கோழிப்பண்ணை வைத்திருந்த திருமூர்த்தி, மகள் லோகப்பிரியாவின் கையில் வந்திருந்த கரப்பான் சொறியைக் காட்டுவதற்கு முதலில் போனது கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு அந்தக் குடும்பம் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டவர்களெல்லாம், ஒரு நல்ல டாக்டரிடம் காட்டியிருக்கக் கூடாதா என்று உச்சுக் கொட்டினார்கள். காட்டினார். காட்டியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அங்கே இருந்த டாக்டரம்மா பிள்ளையின் முழங்கை மடிப்பு, மணிக்கட்டு, விரல் இடுக்கு எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது யாருக்கும் ஒட்டாது, பயப்பட வேண்டாம் என்றார். ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். குளித்ததும் ஈரம் காய்வதற்குள் எண்ணெய் பூசுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், வேர்க்க விடாதீர்கள், பருத்தி நூல் துணி மட்டும் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திருமூர்த்தி நகரவில்லை. முக்கியமான விஷயம் இன்னும் வரவில்லையே.

"சாப்பாட்டுல என்னத்தையெல்லாம் நிறுத்தோணுமுங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணையும் நிறுத்த வேண்டாம். வளர்ற குழந்தை. எல்லாம் கொடுங்க."

அந்த இடத்தில் திருமூர்த்திக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. பத்தியம் சொல்லாத டாக்டரை நம் பக்கத்தில் யாரும் டாக்டராக ஏற்றுக்கொண்டதில்லை. கால் முறிந்தாலும் கத்தரிக்காயை நிறுத்தச் சொல்ல வேண்டும். அப்போதுதான் எலும்பு கூடும். நிறுத்துவதற்கு ஒன்றுமே இல்லாத நோய் என்ன நோய்? அதற்குத் தரும் மருந்து என்ன மருந்து? களிம்பை வாங்கினார், ஆனால் அது அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

பெருந்துறையில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை நஞ்சம்மாளின் வீட்டுக்காரர் ஆறுச்சாமி, விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தேவிட்டார். "பத்தியமில்லாமக் குடுக்கறது மருந்துங்களா மச்சான்? தண்ணிங்க அது" என்றார். கோயமுத்தூரில் ஒரு மையம் இருக்கிறதாம். மருந்தே தர மாட்டார்களாம். பத்தியம் மட்டும்தானாம், அதுவும் குடும்பத்துக்கே சேர்த்தாம். கேட்கும்போதே திருமூர்த்திக்கு உடம்பு சிலிர்த்தது.

அவர் பேராசைக்காரர் இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நின்று ஆடும்போது லோகப்பிரியாவின் கையை மட்டும் யாரும் பிடிப்பதில்லை. அவள் இரண்டு பக்கமும் தன் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இதை அவள் வீட்டில் வந்து அழுது சொல்லவில்லை. சும்மா ஒரு சேதி மாதிரி, "எம்பட கையை ஆரும் புடிக்க மாட்டேங்கறாங்கப்பா, டீச்சரும்கூட" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். திருமூர்த்திக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கையை நாலு பேர் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

அவிநாசி ரோட்டில் இருந்தது அகநலம் குடும்பத் தோல் வாழ்வியல் மையம். ஒரு துணி மில்லின் முதலாளிகள் புரவலர்களாக இருந்து நடத்தியது. இயக்குநர் டாக்டர் நரசிம்மலு. எதில் டாக்டர் என்று போர்டில் எழுதவில்லை. எழுத இடமும் இல்லை. மையத்தின் பெயரே போர்டை அடைத்துக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி, கால் கழுவி, புரவலர் படத்துக்கு முன்னால் சற்று நேரம் கண் மூடி நின்ற பிறகுதான் உள்ளே விட்டார்கள். லோகப்பிரியாவை மட்டும் வெளியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

பிள்ளையைப் பார்க்க வேண்டாமா என்று திருமூர்த்தி தயங்கித் தயங்கிக் கேட்டார். நரசிம்மலு பரிதாபமாகச் சிரித்தார்.

"தோலைப் பார்த்து வைத்தியம் பண்றது அந்தக் காலமுங்க. நான் இந்த மையத்துக்கு வந்ததிலிருந்து ஒரு தோலைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்தா மனசு தோல் மேலே போயிடும். குடும்பத்தை மட்டுந்தான் பார்க்கறேன். உங்க குடும்பத்தைப் பார்த்தவுடனே தெரிஞ்சுபோச்சு."

என்ன தெரிந்தது என்று அவர் சொல்லவில்லை. திருமூர்த்தியும் கேட்கவில்லை, பெரிய மனிதரைக் குறுக்குக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை. கரப்பான் பண்டங்களை அன்றே நிறுத்தச் சொன்னார்கள். கத்தரிக்காய், தக்காளி, நிலக்கடலை, கம்பு, சோளம், மொச்சை, கருவாடு, கறி, முட்டை. திருமூர்த்தி வீட்டில் அதுதான் சமையல், அதை விட்டால் அடுப்பும் தண்ணீரும்தான் மிச்சம். பதிலாக பார்லிக் கஞ்சியும், மையமே அரைத்துத் தரும் பச்சைப் பொடியும். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் முட்டை குவிந்து கிடக்கிற வீட்டில், ஒரு பிள்ளை கஞ்சி டம்ளரை வைத்துக்கொண்டு அதில் தெரியும் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமைதோறும் மையத்தில் மனத்திறப்பு சபை கூடும். குடும்பம் குடும்பமாக எழுந்து நின்று அந்த வாரம் எதெதைத் தின்றோம், எதெதை நினைத்தோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் சபையில் திருமூர்த்திக்குப் பக்கத்தில் உக்கடத்து அத்தர் வியாபாரி சிக்கந்தர் உட்கார்ந்திருந்தார். மையத்தில் அவர் பழைய ஆள். அத்தர் வாசனை கரப்பானைக் கிளறும் என்று அவர் கடையில் பாதிச் சரக்கை மூடி வைத்திருந்தார்கள். அன்று அவர் எழுந்து, வரும் வழியில் ஒரு கல்யாண வீட்டு பிரியாணியை முகர்ந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். மூக்கால் தின்றதும் தின்றதுதான் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த வாரத்திலிருந்து சிக்கந்தர் குடும்பம் வெளியே போகும்போது மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு போயிற்று.

பையனுக்கு இன்னும் குணமாகவில்லையா என்று திருமூர்த்தி மெல்லக் கேட்டார்.

"ஆசிப்புக்குப் போன வருஷமே தானா நின்னுபோச்சு கவுண்டரே. நமக்குத்தான் வெளியே போற வழி தெரியல. முன்மாதிரிக் குடும்பமா ஆக்கிப்போட்டாங்க" என்றார் சிக்கந்தர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

ஒரு மாதம் கழித்தும் லோகப்பிரியாவின் கை அப்படியே இருந்தது. மையம் கவலைப்படவில்லை, குடும்பத்துக்குள் இன்னும் யாரோ திருட்டுத்தனமாகத் தின்கிறார்கள் என்றது. யார் என்று ஆராய்ந்ததில் மாடு அகப்பட்டது. மாடு கடலைப் புண்ணாக்குத் தின்கிறது, அதன் பாலைப் பிள்ளை குடிக்கிறது. மாடு குடும்பத்தில் சேர்த்தியா என்று நரசிம்மலு கேட்டார். இல்லை என்று சொல்லத் திருமூர்த்திக்கு வாய் வரவில்லை. வீட்டில் பெயர் வைத்துக் கூப்பிடும் மாடு அது. மாட்டுக்கும் பத்தியம் ஆயிற்று. அதற்கு அடுத்த சபையில், கோழித்தீவனத்தில் சோளமும் கருவாட்டுத் தூளும் சேருவது வெளிப்பட்டது. பண்ணை முழுக்கப் பத்தியத்துக்கு வந்தது. மாடு மடி வற்றியது, கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டுத் திருமூர்த்தியையே பார்த்துக்கொண்டு நின்றன. அவை எழுந்து நின்று ஒப்புக்கொள்ள முடியாததால், அவற்றின் சார்பாகவும் திருமூர்த்தியே சனிக்கிழமைகளில் எழுந்து நின்றார். கோழிகளுக்கு உள்ளூரச் சோளத்து மேல் ஆசை இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்குமுங்க என்று தலையைக் குனிந்துகொண்டார்.

சாப்பாட்டில் நிறுத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் மையம் வாழ்க்கைமுறைக்கு வந்தது. முதல் விதி, அரிப்பு என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் வளரும். 'தோல் கூப்பிடுகிறது' என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது, பிள்ளையின் கையை யாரும் தொடக் கூடாது. தொட்டால் தோல் செல்லம் கொண்டாடும். மூன்றாவது விதிதான் நரசிம்மலுவின் சொந்தக் கண்டுபிடிப்பு. தோல் கூப்பிட்டால் சொறியக் கூடாது, கை தட்ட வேண்டும்.

"தட்டற கை சொறியாதுங்க. இதை உலகத்துல வேற யாரும் கவனிக்கல" என்றார். பிள்ளை தட்டும்போது தனியாக விட்டுவிடாமல் குடும்பமே சேர்ந்து தட்ட வேண்டும்.

அன்று முதல் திருமூர்த்தி வீட்டில் நேரம் காலமில்லாமல் கைதட்டல் கேட்டது. பஜனை வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பக்தியுள்ள ஒருவர் பிரசாதத்துக்காக வந்து, பார்லிக் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார், மறுபடி வரவில்லை. திருமூர்த்தி பண்ணையில் இருந்தாலும் வீட்டுப் பக்கமிருந்து சத்தம் வந்தவுடன் தீவன வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுவார். அவர் மனைவி தெய்வாத்தாள் மட்டும் தட்டுவதில்லை. தட்டுகிற நேரத்தில் ஒரு பாத்திரமாவது கழுவலாம் என்பது அவள் கட்சி.

கடைசியாக வந்தது உடை. மையத்தின் புரவலர்கள் தங்கள் மில்லில் ஒரு செயற்கை இழைத் துணி நெய்திருந்தார்கள். வெந்தய நிறம், தகரம் மாதிரி மொடமொடப்பு. ஒரு கடைக்காரரும் எடுக்காமல் கிடங்கில் தேங்கிக் கிடந்த அந்தத் துணியை, அவர்கள் பெரிய மனசு பண்ணி நோயாளிக் குடும்பங்களுக்குச் சீருடையாக்கினார்கள். வீட்டிலும் வெளியிலும் எந்நேரமும் போட்டிருக்க வேண்டும். சபையில் நரசிம்மலு ஒரு சட்டையை உயர்த்திக் காட்டிப் பேசினார்.

"இந்தத் துணிக்குள்ளே காத்துகூட நுழைய முடியாதுங்க. காத்தே நுழைய முடியலைன்னா, கரப்பான் எப்படி நுழையும்?"

சபை தட்டியது. சிலருக்கு அப்போதே தோல் கூப்பிட ஆரம்பித்திருந்தது.

சீருடை போட்ட பிறகு லோகப்பிரியாவுக்குக் கையில் இருந்தது கழுத்துக்கும் முழங்காலுக்கும் வந்தது. இரவில் சொறியாமல் இருக்கக் கைகளில் சாக்ஸ் மாட்டிவிட்டார்கள். திருமூர்த்தி மையத்துக்கு ஓடினார். உள்ளே இருந்தது வெளியே வருகிறது, நல்ல அறிகுறி என்றார்கள். குறைந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெய்வாத்தாள் கேட்டாள். அது உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், அதுதான் ஆபத்து என்றார் நரசிம்மலு. தெய்வாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திருமூர்த்தி அவசரமாகக் கும்பிட்டுவிட்டு அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

இதற்கு நடுவில் பெருந்துறையில் நஞ்சம்மாளின் பையன் கவினுக்குக் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அதில் மாற்று ஏது. திருமூர்த்தி கிளம்பினார், பத்தியம் கெடாமல் இருக்கத் தூக்குப்போசி நிறையக் கஞ்சியோடு. அவரும் தெய்வாத்தாளும் ஊரறிய அந்த வெந்தய நிறத்தோடு போய் நிற்கத் துணியவில்லை, வேட்டியும் சேலையும் கட்டிக்கொண்டார்கள். பட்டுப் பாவாடை பிள்ளைக்கு உரசும் என்று, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட ஒரு பழைய நூல் பாவாடையைத் தெய்வாத்தாள் எடுத்துப் போட்டுவிட்டாள். சபைக்கு ஒப்புக்கொள்ளக் குற்றங்கள் சேர்ந்துகொண்டே போவதைத் திருமூர்த்தி விரல் விட்டு எண்ணிக்கொண்டார்.

காது குத்தியாயிற்று. கறி விருந்துக்கு இலை போட்டார்கள். மாமன் முதல் இலையில் கை வைத்தால்தான் பந்தி ஆரம்பிக்கும். திருமூர்த்தி இலையை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தூக்குப்போசியைத் திறந்தார். பந்தி பூராவும் கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தது. நஞ்சம்மாள் முகம் கறுத்துவிட்டது. ஆறுச்சாமி அருகில் வந்து குனிந்தார்.

"கஞ்சி குடிக்கவாங்க மச்சான் வந்தீங்க? எங்க ஊட்டுச் சோத்துல என்னங்க குத்தம்?"

"நீங்கதானுங்களே மாப்ள அந்த மையத்துக்குப் போகச் சொன்னீங்க. பத்தியமுங்களே."

"அது வைத்தியமுங்க. இது மொறைங்க. மொறைக்கு முன்னால வைத்தியம் நிக்குமுங்களா?"

மாமன் தின்னாமல் எழுந்தால் தங்கை அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. கறியை எடுத்து வாயில் வைத்தார். பந்தி நிம்மதியாக மூச்சு விட்டுக் குனிந்தது. அவருக்குக் கண் கலங்கியது; காரத்தாலா பயத்தாலா என்று அவருக்கே தெரியவில்லை. லோகப்பிரியா பக்கத்து இலையில் அவித்த முட்டையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு முழுதாக வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டாவது முட்டைக்குக் கையை நீட்டினாள். தடுக்கத் திருமூர்த்திக்கு மனசு வரவில்லை.

அன்று கிளம்பலாம் என்றால் விடுவார்களா? இருந்துபோட்டுப் போலாமுங்க என்று ஒவ்வொரு வீடாக இழுத்தார்கள். அரைப் பரீட்சை லீவு வேறு. பெருந்துறையிலேயே தங்கிவிட்டார்கள். நூல் பாவாடையைத் துவைத்துத் துவைத்துப் பிள்ளைக்கு அதையே போட்டார்கள். நஞ்சம்மாள் வீட்டுத் தேங்காயெண்ணெயைத் தெய்வாத்தாள் தினமும் குளிக்க வைத்ததும் பூசிவிட்டாள். திருமூர்த்தி தூர நின்றே பார்த்தார். விதி விதிதானே, கிட்டே போகப் பயம். ஒவ்வொரு காலையும் பெரிய வெடிப்பை எதிர்பார்த்துத்தான் எழுந்தார். வெடிப்பு வரவில்லை. கழுத்தில் இருந்தது காய்ந்தது. முழங்கை மடிப்பு வற்றியது. சாக்ஸ் இல்லாமலே லோகப்பிரியா விடிகிற வரைக்கும் தூங்கினாள்.

திரும்பும்போது முட்டை ஏற்றும் வேனில் தெய்வாத்தாள் சொன்னாள். சத்தம் போடவில்லை, சத்தம் போடுகிற தெம்பு அவளிடம் இல்லை.

"பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா என்ன சொன்னாங்க? நூல் துணி போடுங்க, எண்ணெய் பூசுங்க, எல்லாம் குடுங்கன்னாங்க. நாம என்னங்க பண்ணுனோம்? புள்ளைக்குத் தகரத்தை மாட்டிப்போட்டுக் கை தட்டுனோம்."

திருமூர்த்தி ரோட்டைப் பார்த்து வண்டியை ஓட்டினார். பண்ணைக்குப் போனதும் கோழிகளுக்குச் சோளம் போட்டார். அவை முதலில் நம்பவில்லை.

மையத்துக்குப் போய் முறையாகச் சொல்லிவிட்டு நின்றுகொள்வது என்று முடிவாயிற்று. சொல்லாமல் நின்றுவிடலாம் என்றாள் தெய்வாத்தாள். அதெப்படி, இத்தனை நாள் பழகிவிட்டுச் சொல்லாமல் நிற்பது? மரியாதையாக இருக்குமா? தாம்பாளத்தில் பழம் வைத்து எடுத்துக்கொண்டு போனார் திருமூர்த்தி. லோகப்பிரியாவையும் கூட்டிப் போனார். நரசிம்மலு முதன்முதலாக ஒரு தோலைப் பார்த்தார். பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"குணமாயிடுச்சே!" என்றார். குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

திருமூர்த்தி உண்மையை மறைக்கவில்லை. கறி தின்றதையும், முட்டை தின்றதையும், கடலை தின்றதையும், தொட்டதையும், தட்டாததையும் வரிசையாக ஒப்புக்கொண்டார். நரசிம்மலு பொறுமையாகக் கேட்டார்.

"இவ்வளவும் சாப்பிட்டும் கரப்பான் வரலைன்னா, நம்ம பத்தியம் எவ்வளவு ஆழமா வேலை செஞ்சிருக்குன்னு பாருங்க" என்றார்.

"அந்தத் துணியைக் கழட்டுனதுக்குப் பொறவுதானுங்க கொறஞ்சுது" என்றார் திருமூர்த்தி, ரொம்பப் பணிவாக.

"துணியைப் போட்டிருந்ததாலேதானே உங்களாலே கழட்ட முடிஞ்சுது?"

இதற்கு என்ன சொல்வது என்று திருமூர்த்தி யோசிப்பதற்குள் அவர் முன்மாதிரிக் குடும்பத்தின் தலைவர் ஆகிவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை மையத்தின் ஆண்டு விழா. குடும்ப ஆரோக்கிய வாரியத் தலைவர் சென்னையிலிருந்து வருகிறார். குணமான பிள்ளை சீருடையோடு மேடையில் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரே ஒரு மணி நேரம்தான். முடியாது என்ற சொல் திருமூர்த்தியின் தொண்டை வரை வந்தது. எதிரே நரசிம்மலு பழத்தை உரித்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். சிரிக்கிற ஆளின் முகத்தைப் பார்த்து முடியாது என்று எப்படிச் சொல்வது?

"ஆகட்டுங்க" என்றார்.

தெய்வாத்தாள் மறுநாள்தான் அதைப் பற்றிப் பேசினாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, இந்தக் கையோடு பிள்ளை போய் நிற்க வேண்டும், அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள். ஒரு மணி நேரம்தானே என்றார் திருமூர்த்தி. அவருக்கே அது சமாதானமாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் முழுக்க வெந்தய நிறம். விழா ஆரம்பித்ததுமே கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் மைக்குக்கு மட்டும்தான் எட்டும் என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். மேடையில் லோகப்பிரியா மாலையோடு உட்கார்ந்திருந்தாள். கீழே முதல் வரிசையில் முன்மாதிரிக் குடும்பங்கள், திருமூர்த்தி, அவர் பக்கத்தில் சிக்கந்தர். தெய்வாத்தாள் மட்டும் சேலையில் வந்து, ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தாள்.

வாரியத் தலைவர் எழுதிவந்த பேச்சை விரித்தார். வணக்கம் சொன்னார். ஒரு மூலையில் ஒரு பிள்ளைக்குத் தோல் கூப்பிட்டது, அது தட்டியது. விதிப்படி அதன் குடும்பம் தட்டியது. பக்கத்துக் குடும்பத்துக்கும் வேர்வை வழிந்துகொண்டுதான் இருந்தது. மண்டபம் முழுக்கத் தட்டியது. தலைவர் நிமிர்ந்து பார்த்தார். வணக்கத்துக்கே இவ்வளவு கைதட்டல் அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை. அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். மறுபடியும் தட்டினார்கள். எழுதிவந்ததை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

"நான் மனசு விட்டுப் பேசப்போறேன்" என்றார், குரல் தழுதழுக்க. "எனக்கும் தோலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதுக்கு முன்னாடி மீன் வாரியத்துல இருந்தேன். அதுக்கு முன்னாடி கிடங்கு வாரியம். எதைப் பத்தியும் எனக்குத் தெரியாது. தெரியாத எடத்துக்கெல்லாம் என்னை நம்பி அனுப்பறாங்க. ஆனா எங்கேயும் ஜனங்க இப்படி என்னைப் புரிஞ்சுக்கிட்டதில்லை."

மண்டபம் அதிர்ந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நரசிம்மலுவும் துடைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் முடிந்து இரண்டாவது ஆரம்பித்தது.

லோகப்பிரியா முதலில் கைகளை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். பிறகு கழுத்தை மாலையில் உரசினாள். பிறகு தட்ட ஆரம்பித்தாள். அவள் தட்டுவதைப் பார்த்துத் திருமூர்த்தியும் தட்டினார். முழங்கை மடிப்பில் சிவப்பு ஏறுவது அவருக்குக் கீழே இருந்தே தெரிந்தது. தெரிந்தும் தட்டினார். அவள் அவரைப் பார்த்தாள், அவர் இன்னும் பலமாகத் தட்டினார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

பேச்சு நடுவில் இருக்கும்போதே பிள்ளை நாற்காலியிலிருந்து இறங்கினாள். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். மேடைப் படிகளில் இறங்கி நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"தட்டித் தட்டிக் கை நோவுதுப்பா. புடிச்சுக்கோங்க" என்று கையை நீட்டினாள்.

உள்ளங்கை சிவந்து கிடந்தது. பின்னாலிருந்து ஒருவர், தொடாதீங்க, தொடக் கூடாது என்றார்.

"தட்டுங்க கவுண்டரே, பார்க்கறாங்க" என்றார் சிக்கந்தர், தட்டிக்கொண்டே.

திருமூர்த்தி அந்தக் கையைப் பார்த்தார். நாலு பேர் பிடிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்ட கை. மற்ற மூன்று பேர் இருக்கட்டும், இத்தனை மாதத்தில் தான் ஒருவன்கூட அதைப் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. பிடித்துக்கொண்டு எழுந்தார்.

வாசலில் மையத்து ஆள் மறித்தார். போட்டோ எடுப்பது பாக்கி இருக்கிறது, சித்த நேரம் இருங்கள் என்றார், சிரித்த முகமாகத்தான்.

"இல்லீங்க. முடியாதுங்க. நாங்க போறோமுங்க" என்றார் திருமூர்த்தி. சொல்லிவிட்டு, சொல்லிவிட்டோமா என்று தானே ஒரு கணம் நின்று பார்த்தார். வானம் இடிந்து விழவில்லை. அந்த ஆள் ஒதுங்கி வழிவிட்டார்.

தெய்வாத்தாள் அவர்களுக்கு முன்னாலேயே முட்டை வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒயர்கூடையில் நூல் பாவாடையும் எண்ணெயும் இருந்தன. வேன் மறைவில் பிள்ளையின் சீருடையைக் கழற்றி, உடம்பைக் குழாயடியில் கழுவி, எண்ணெய் பூசிப் பாவாடையைக் கட்டிவிட்டாள். கழற்றிய சீருடையைக் குழாய்த் திண்டின் மேலேயே விட்டுவிட்டாள். மடங்காமல் அது தன்னால் நின்றது.

வேனில் ஏறப்போகும்போது ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் வெளியே வந்தது. ஜனங்களின் இந்த ஆதரவைப் பார்த்து இங்கேயே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன் என்றார். வருகிற ஜூன் மாதத்திலிருந்து இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் இதே துணிதான் சீருடை என்றார்.

உள்ளே அத்தனை பேரும் தட்டினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கேட்டருகே நின்ற ஆட்டோக்காரர்கள்கூட என்னவோ நல்லது நடக்கிறது என்று தட்டினார்கள்.

லோகப்பிரியா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாம தட்ட வேண்டாமுங்களாப்பா?"

"எப்படிக் கண்ணு தட்டறது?" என்றார் திருமூர்த்தி. "எம்பட கையைத்தான் நீ புடிச்சிருக்கறயே."